பெயரை மறைத்துத் தேயிலை சுவைத்தல்: ஆறு பேர், ஐந்து கோப்பை

இலங்கை மலைநாட்டில் நாலு பேர் கூடினால் தேயிலைப் பேச்சு வராமல் போகாது. நுவரெலியாவுக்கு ஈடில்லை என்பார் ஒருவர். பதுளைப் பக்கத்தவர் ஊவாவை விட்டுக்கொடுக்க மாட்டார். தலவாக்கலைக்காரருக்கு டிம்புள்ளதான். பெயர் ஒட்டாத கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்து இது எந்தப் பக்கத்துத் தேயிலை என்று கேட்டால் அநேகமானோர் தடுமாறிப்போவார்கள். நாக்கில் குறையில்லை, அதற்குப் பழக்கம்தான் இல்லை. கொழுந்து பறிக்கிற வீடுகளிலேயே பெரும்பாலும் டஸ்ட் என்ற சன்னத் தூளும் பால்மாவும் சீனியும்தான் கொதிக்கின்றன. வெவ்வேறு மலைகளின் தேயிலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைப்பதே இல்லை. அந்த வாய்ப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

பெயர் மறைத்த சுவைப்பு என்பது இதுதான்: குடிப்பவருக்கு எந்தக் கோப்பையில் எந்தத் தேயிலை இருக்கிறதென்று தெரியாது. பக்கெட்டின் அழகு, விலை, சொந்த ஊர்ப் பாசம் எல்லாமே வாயில் வைப்பதற்கு முன்னரே ஒரு தீர்ப்பை எழுதிவிடும். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாயம் மட்டும்.

ஆனால் பெயரை மறைப்பது பாதி வேலைதான். ஒரு கோப்பையில் கொஞ்சம் கூடுதலாகத் தூள் விழுந்திருந்தால், இன்னொன்று அரை நிமிடம் அதிகமாக ஊறியிருந்தால், நீங்கள் ஒப்பிடுவது தேயிலையை அல்ல, ஊற்றியவரின் கையை. தேயிலையைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இதற்காகத்தான்.

எந்தத் தேயிலைகளை எடுப்பது

புதியவர்களுக்கு நான்கு தேயிலைகள் போதும். ஆறு ஏழைத் தாண்டினால் நாக்கு களைத்துப்போய் எல்லாமே துவர்ப்பாகத்தான் தெரியும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதை நிலையாக வையுங்கள். மலைகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் நான்கும் ஒரே தரமாக இருக்கட்டும், உதாரணமாக எல்லாமே பி.ஓ.பி.எஃப். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி., டஸ்ட் என்ற எழுத்துகள் இலைத்துணுக்கின் பருமனையும் வடிவத்தையும் சொல்பவை: ஓ.பி. நீள இலை, பி.ஓ.பி. உடைந்த துணுக்கு, பி.ஓ.பி.எஃப். அதைவிடச் சிறியது, டஸ்ட் எல்லாவற்றிலும் சன்னம். ருசியில் எது உயர்ந்தது என்று அவை சொல்வதில்லை. துணுக்கு சிறிதானால் சாயம் சீக்கிரம் இறங்கும், கனதியாகவும் இறங்கும். நுவரெலியா ஓ.பி.யையும் ருஹுணு டஸ்ட்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிகிற வித்தியாசம் மலையால் வந்ததா துணுக்கின் பருமனால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தரங்களை ஒப்பிட ஆசையென்றால் ஒரே தொழிற்சாலையின் பி.ஓ.பி., ஓ.பி. என்று எடுங்கள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் செய்ததை மற்றவற்றோடு கலக்க வேண்டாம். அது வேறு செய்முறை, சாயமே வேறு.

முதல் முறைக்கு நல்ல நால்வர்: நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, ருஹுணு. முதல் மூன்றும் மலைத் தேயிலைகள். ருஹுணு தாழ்நிலத்தது. கடல் மட்டத்திலிருந்து 2000 அடிக்குக் கீழ் விளைவதைத் தாழ்நிலம் என்றும், 4000 அடி வரை இடைநிலம் என்றும், அதற்கு மேல் உயர்நிலம் என்றும் தேயிலைத் தொழிலில் பிரிப்பார்கள். நுவரெலியாச் சாயம் வெளிர்ந்து, மணம் மெல்லியதாக இருக்கும். ருஹுணு கறுத்துத் தடித்திருக்கும். இந்த இரண்டும் வரிசையின் இரு முனைகள். புதியவர்கூட இவற்றைப் பிரித்துவிடுவார், அந்த நம்பிக்கை முதல் நாளில் வேண்டும். கண்டிக் கடைகளில் எல்லாப் பிரதேசத்துத் தேயிலையும் 100 கிராம் பக்கெட்டுகளாகக் கிடைக்கும். தொழிற்சாலைகளோடு ஒட்டிய விற்பனைக் கடைகளில் அந்தந்தத் தோட்டத்துத் தேயிலையே கிடைக்கும்.

பக்கெட்டில் பொதி செய்த திகதியைப் பாருங்கள். ஒன்று போன மாதத்தது, மற்றது இரண்டு வருடப் பழசு என்றால் ஒப்பீடு வீண். பருவமும் முக்கியம். ஊவாவின் பெயர் பெற்ற மணம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, தென்மேற்குக் காற்று மழையை மறுபக்கத்தில் கொட்டிவிட்டு வறண்டு வீசும் காலத்தில்தான் கொழுந்தில் ஏறுகிறது. டிம்புள்ள, நுவரெலியாப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிர்காலம். நவம்பர் மழையில் பறித்த ஊவாவை வைத்துக்கொண்டு, சொன்ன மணம் எங்கே என்று தேடக் கூடாது.

மறைக்கும் வழி

ஆறு பேர் கூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்பாடு செய்பவர் ஒருவரே எல்லாம் செய்தால் அவருக்கு விடை தெரிந்துவிடும். அவரால் சுவைக்க முடியாது, அவருடைய முகமும் மற்றவர்களுக்கு விடை சொல்லிக் கொடுத்துவிடும். இரண்டு பேராகப் பிரித்துச் செய்தால் இருவருமே சுவைக்கலாம்.

முதலாமவர் தனியறையில் தேயிலைகளை நிறுத்து, ஒரே மாதிரியான சிறு பைகளில் போட்டு அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதுகிறார். எது எந்த எழுத்து என்பதைக் கடதாசியில் குறித்து உறையில் ஒட்டிவிடுகிறார். பிறகு அறையை விட்டுப் போகிறார். இரண்டாமவர் வந்து எழுத்துகளுக்குப் பதிலாகக் கோப்பைகளுக்கு 417, 382, 659 போன்ற மூன்று இலக்க எண்களைக் கொடுத்து, அதை இன்னொரு உறையில் ஒட்டுகிறார். சாயம் இறக்குபவரும் அவர்தான். முதலாமவருக்கு எண் தெரியாது, இரண்டாமவருக்குத் தேயிலை தெரியாது. இரண்டு உறையும் சேர்ந்து திறந்தால்தான் விடை. 1, 2, 3 என்று இடாமல் மூன்று இலக்கம் இடுவதற்குக் காரணம் இருக்கிறது: ‘1’ என்று கண்டாலே முதலிடம் என்ற எண்ணம் ஓடும்.

தேயிலை நான்குதான், பை ஐந்து. ஐந்தாவது பையில் நான்கில் ஒன்றையே மறுபடி போடுங்கள். இந்த இரட்டைக் கோப்பையை விட்டுவிடாதீர்கள், முழு ஏற்பாட்டிலும் மிகப் பெரிய பாடம் அதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

காய்ந்த தேயிலையை முன்கூட்டியே யாருக்கும் காட்ட வேண்டாம்.

அளவு

தேயிலைச் சாயம் தயாரிக்கும் சர்வதேச நியமம் ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 3103. முதலில் 1980இல் வெளியானது. 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். நாம் வழக்கமாகக் குடிப்பதைவிட இது கடுமையாக இருக்கும். இருக்கட்டும், குறை நிறைகள் வெளியே வருவதற்கே அந்தக் கடுமை.

ஆறு பேருக்கு ஒவ்வொரு தேயிலையிலும் 300 மில்லிலீட்டர் இறக்குங்கள், அதற்கு 6 கிராம். சக்கை குடித்துக்கொள்வது போக ஆளுக்கு 40 மில்லிலீட்டருக்குக் குறையாமல் வரும். ஐந்து கோப்பைக்கும் சேர்த்து 1.5 லீட்டர் தண்ணீர், சாதாரண மின்சாரக் கேத்தல் ஒன்றில் அடங்கும். ஒருவர் மொத்தமாகக் குடிப்பது 200 மில்லிலீட்டர்தான். துப்ப வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சாயம் கடுமை என்பதால் இதைக் காலையில் வையுங்கள், இரவுத் தூக்கம் தப்பும்.

கரண்டியால் அளக்காதீர்கள். வீட்டுச் சுவைப்புகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். சன்னமான தூள் கரண்டியில் நெருங்கிப் படியும், சுருண்ட நீள இலை இடைவெளி விட்டுக் குவியும். ஒரே கரண்டியில் இரண்டின் நிறையும் நிறையவே வேறுபடும். தசம புள்ளி காட்டும் சிறிய தராசு இருந்தால் நல்லது. வீட்டுத் தராசு முழுக் கிராம் மட்டும் காட்டினால் 6 கிராமில் அரைக் கிராம் பிசகும், அது எட்டு சதவீதத்துக்கு மேல். அப்படியானால் 12 கிராமாக நிறுத்து 600 மில்லிலீட்டரில் இறக்குங்கள், பிசகு பாதியாகிவிடும். அப்போது கேத்தலை இரண்டு முறை நிரப்பிக் கொதிக்க வைக்க வேண்டிவரும், கோப்பைக்குப் பதிலாக ஒரே மாதிரியான ஜக்குகளும் தேவை.

தண்ணீர், சூடு, நேரம்

மலை ஊற்றிலிருந்து பீலிக்கு வரும் தண்ணீர் பொதுவாக மென்மையானது, தேயிலைக்கு ஏற்றது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கிணற்று நீரில் அதே தேயிலை மங்கலாக, மேலே மெல்லிய ஆடை படர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால் முந்தின இரவே அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்துவிடுங்கள். எந்தத் தண்ணீரானாலும் ஐந்துக்கும் ஒன்றே.

மலையில் இருப்பவர்கள் மறந்துவிடும் விடயம் ஒன்று: உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கண்டியில் ஏறத்தாழ 98 பாகை செல்சியஸ், ஹட்டனில் 96, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 தான். எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் அதற்கு மேல் ஏறாது. ஆகவே சூட்டை இழக்காமல் காப்பதுதான் நம் கையில் உள்ளது. குளிர்ந்த கோப்பையில் ஊற்றினால் அங்கேயே பல பாகை போய்விடும். எல்லாக் கோப்பைகளையும் முதலில் கொதிநீரால் அலசிச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தேயிலையைப் போடுங்கள். ஊற்றியதும் சாஸரால் மூடுங்கள்.

ஐந்துக்கும் ஒரே நேரத்தில் ஊற்ற முடியாது. முதல் கோப்பைக்கு ஊற்றும்போது கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டு, 30 விநாடிக்கு ஒன்றாக வரிசையில் ஊற்றுங்கள். ஆறாவது நிமிடத்தில் முதலாவதை வடியுங்கள், ஆறரையில் இரண்டாவதை, அதே வரிசையில். இடையில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாவது கோப்பைக்கு வருவதற்குள் கேத்தல் இரண்டு நிமிடம் ஆறியிருக்கும், கடைசித் தேயிலை பாவம், பலவீனமாகத் தெரியும். ஒவ்வொரு முறை ஊற்றியதும் கேத்தலைத் திரும்ப அதன் தட்டில் வைத்து ஆளியைப் போடுங்கள். மறுபடி கொதி வந்ததும் அடுத்தது.

வடிக்கும்போது கடைசிச் சொட்டு வரை வடியட்டும். தேயிலைச் சாயம் சக்கையோடு தங்கினால் ஊறிக்கொண்டே இருக்கும். வடியையும் கவனியுங்கள், தேங்காய்ப்பால் வடித்த வடியில் அந்த வாடை போகவே போகாது. இதற்கென்று புதிதாக ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறையும் கொதிநீரில் அலசுங்கள்.

சக்கையைக் கொட்டிவிடாமல் அந்தந்தச் சாஸரில் கவிழ்த்து, எண் தெரியும்படி மூடி வையுங்கள். சுவைத்து முடித்தபின் பார்க்க வேண்டும். புதிய செப்புக் காசைப் போலப் பளிச்சென்று இருந்தால் பதமாக நொதித்த தேயிலை. பச்சை படர்ந்திருந்தால் நொதித்தது போதவில்லை, சாயத்தில் பச்சை வாடையாக அது தெரிந்திருக்கும். கறுத்து மங்கியிருந்தால் நொதித்தல் மிஞ்சியிருக்கலாம், அல்லது சூடு கூடியிருக்கலாம்.

சுவைக்கும் இடமும் வாயும்

விறகடுப்புப் புகை, ஊதுபத்தி, தாளித்த கறி, சென்ட் பூசிய சட்டை, தலையில் வாசனை எண்ணெய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மெல்லிய மணங்கள் அமுங்கிப்போகும். சுவைப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னிருந்து வெற்றிலை, சிகரெட், புதினா டொபி, பற்பசை வேண்டாம். கட்டச்சம்பலோடு காலைச் சாப்பாடு முடித்தவரின் நாக்கு அன்றைக்கு உதவாது. வாய் மாற்றிக்கொள்ள வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும்.

கோப்பைகள் ஒரே அளவில், உட்புறம் வெள்ளையாக இருக்கட்டும். சாயத்தின் நிறமும் படிக்க வேண்டிய ஒன்று. ஆனால் நிறமே விடையைச் சொல்லிவிடும் அபாயமும் உண்டு. கறுத்திருந்தால் ருஹுணு என்று கண் சொன்னபின் நாக்கு வேலை செய்யாது. ஆகவே முதல் சுற்றை உட்புறம் கறுத்த கோப்பைகளில் வைத்துவிட்டு, எழுதி முடித்தபின் கொஞ்சம் வெள்ளைக் கோப்பையில் ஊற்றி நிறத்தைப் பார்ப்பது மேல். கறுப்புக் கோப்பை இல்லாவிட்டால் திரைச்சீலையை இழுத்து அறையை மங்கலாக்குங்கள்.

ஐந்து கோப்பைகளும் மேசையில் வரிசையாக இருக்க, அடியில் அகன்ற தட்டில் இரண்டு விரல் உயரம் வெந்நீர் விட்டு அதில் நிறுத்துங்கள், குளிரில் சீக்கிரம் ஆறாது. ஆளுக்கொரு சிறு கோப்பையும் கரண்டியும். பொதுக் கரண்டியால் மூன்று மேசைக்கரண்டி எடுத்துத் தன் கோப்பையில் விட்டுக்கொள்ள வேண்டும், வாயில் வைத்த கரண்டி பெரிய கோப்பைக்குள் போகக் கூடாது. எல்லாரும் ஒரே கோப்பையில் தொடங்க வேண்டாம். முதலில் குடிப்பது எப்போதும் கூடுதல் கடுமையாகத் தெரியும், அந்தச் சுமை ஒரே தேயிலையின் தலையில் விழக் கூடாது. ஒருவர் இடப்பக்கத்திலிருந்து, அடுத்தவர் இரண்டாவதிலிருந்து என்று மாறித் தொடங்குங்கள்.

இனிச் சுவைப்பு. வாய் சுடாத அளவுக்கு ஆறட்டும். முதலில் முகருங்கள். பிறகு கரண்டியிலிருந்து காற்றோடு சேர்த்துச் சத்தமாக, வெட்கப்படாமல் உறிஞ்சுங்கள். சாயம் தூவானமாகி நாக்கு முழுக்கப் படியும், ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மணத்தில் பெரும்பகுதி நமக்கு இந்த உள்வழியாகத்தான் கிடைக்கிறது. தேயிலைத் தரகர்கள் அவ்வளவு சத்தம் போடுவது இதற்காகவே. விழுங்கியபின் பத்து விநாடி பேசாமல் இருந்து வாய்க்குள் என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

துவர்ப்பையும் கசப்பையும் பிரித்தறிவது முதல் படி. கசப்பு ஒரு சுவை. துவர்ப்பு தொடு உணர்வு: ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகி உலர்ந்ததுபோல ஆகும், பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல. தேயிலையின் பொலிபினோல்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் அது வருகிறது. நல்ல மலைத் தேயிலையில் துவர்ப்பு சுள்ளென்று வந்து சுத்தமாக மறையும். மோசமானதில் நாக்கில் ஒட்டிக்கிடக்கும். மணத்துக்குப் புத்தகச் சொல் தேட வேண்டாம். காய்ந்த புல், ரோஜா, கித்துல் கருப்பட்டி, ஈரச் சாக்கு, புகை என்று தோன்றியதை எழுதுங்கள். பருவத்து ஊவாவில் மூட்டுவலித் தைலம் போன்ற ஒரு குளிர்ந்த வாசம் கிடைக்கும். அது கற்பனையல்ல, அந்தத் தைலங்களில் இருக்கும் மெதைல் சாலிசிலேட் இந்தத் தேயிலையிலும் இயற்கையாக உண்டு.

எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது, முகச்சுளிப்பும் கூடாது. குழுவில் மதிப்புள்ள ஒருவர் “ம்ம்” என்றாலே மற்ற ஐந்து பேரின் புள்ளியும் அந்தப் பக்கம் சாயும். எண்ணுக்கு நேரே மணம், துவர்ப்பு, கனதி, பிடித்த அளவுக்குப் பத்தில் ஒரு புள்ளி, கடைசியில் எந்தப் பிரதேசம் என்ற ஊகம். இவ்வளவு போதும்.

பதினைந்து நிமிடம் கழித்து ஒரு முறை மறுபடி சுவைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மறைந்திருந்த குறைகள் ஆறியபின் தெரியும். கனதியான சாயம் ஆறும்போது பால் விட்டதுபோலக் கலங்கலாம். கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். கஃபீனும் தேயிலையின் நிறம் தரும் சேர்மங்களும் பிணைந்து பிரிவதுதான் அது. நல்ல சத்துள்ள சாயத்துக்கு அடையாளம்.

சீனியும் பாலும் இந்தச் சுற்றில் வேண்டாம். சீனி துவர்ப்பை மூடிவிடும். பால் தேவையென்றால் தனிச் சுற்று வையுங்கள். ஒரே ஜக்கில் பால்மா கரைத்து, 40 மில்லிலீட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்று எல்லாவற்றுக்கும் சமமாக விடுங்கள். முதல் சுற்றில் பின்னுக்கு நின்ற ருஹுணு அங்கே முன்னுக்கு வரக்கூடும், நுவரெலியா காணாமலே போகலாம். எது நல்ல தேயிலை என்பது எப்படிக் குடிக்கிறோம் என்பதோடு சேர்ந்த கேள்வி.

உறைகளைத் திறப்பதற்கு முன்

முதலில் இரட்டைக் கோப்பைகள் எவை என்று மட்டும் சொல்லச் செய்யுங்கள்: முதலாமவர் அந்த இரண்டு எழுத்துகளைச் சொல்ல, இரண்டாமவர் அவற்றின் எண்களைச் சொல்லட்டும். ஒரே தேயிலைக்கு ஒருவர் 8 என்றும் 5 என்றும் போட்டிருந்தால் அவருடைய தாளில் மூன்று புள்ளி வித்தியாசத்துக்கு அன்றைக்குப் பொருள் இல்லை. இரண்டுக்கும் 7, 7 போட்டவரின் சிறு வித்தியாசங்களைக்கூட நம்பலாம். ஆறு பேருமே இரட்டையைப் பெரிய இடைவெளியில் பிரித்திருந்தால் நாக்கைக் குறை சொல்லாதீர்கள். நிறுத்ததிலோ ஊற்றியதிலோ பிழை, அந்தச் சுற்றைத் தள்ளிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

டிம்புள்ளையும் நுவரெலியாவும் போல நெருங்கிய இரண்டைப் பிரிக்க முடியுமா என்று அறிய வேறொரு வழி இருக்கிறது. ஒருவருக்கு மூன்று கோப்பை, இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் மற்றது. வேறானது எது என்று மட்டும் கேளுங்கள். இங்கே நிறம் தெரியவே கூடாது. இரண்டு தேயிலைகளையும் 8 கிராம், 400 மில்லிலீட்டர் என்று இறக்கினால் ஆறு பேருக்குக் காணும். ஆறு வரிசைகள் சாத்தியம்: முதலாவது தேயிலை இரண்டு கோப்பையிலும் மற்றது ஒன்றிலுமாக மூன்று, அதைத் திருப்பிப் போட்டு மூன்று. ஆளுக்கொரு வரிசை. ஊற்றுபவர் சுவைக்கக் கூடாது என்பதால் இதற்கு ஏழாவது ஆள் தேவை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகத்தான் சொல்வார். ஆகவே ஆறில் இரண்டு பேர் சரியென்றால் ஒன்றுமில்லை. நான்கு பேர் சரியாவதுகூட நூற்றுக்குப் பத்து முறை வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்கும். ஐந்து பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையில் நாக்குக்குத் தெரிகிறது என்று கொள்ளலாம். ஏழு பேரிலும் ஐந்து, எட்டுப் பேரில் ஆறு.

விலையைக் கடைசியில் சொல்லுங்கள். தவறாக ஊகித்தவரைக் கிண்டல் செய்யாதீர்கள், அடுத்த முறை அவர் துணிந்து எழுதமாட்டார்.

மிச்சத் தேயிலையைக் காற்றுப் புகாத தகரப்பேணியில், மசாலாத்தூள், மண்ணெண்ணெய், கற்பூரம் இல்லாத இடத்தில் வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் திறந்த பக்கெட் சில நாட்களிலேயே ஈரத்தையும் சுற்றியுள்ள வாடையையும் இழுத்துக்கொள்ளும். எழுதிய தாள்களையும் அதே பேணியோடு வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்துத் தேயிலை வந்ததும் பழையதையும் புதியதையும் மூன்று கோப்பைச் சோதனைக்கு வைத்துப் பார்க்கலாம்.